சேர்ந்து சொல்லக் கூடாது

எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும், யோசனை பைய வந்து சேரும். வீட்டில் இதைச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்வார்கள். ஆனால் அந்த ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துக்குள் எனக்கு வந்ததெல்லாம் பயம்தான். பிள்ளைகளை வளர்க்கிறேன் என்று பத்து வருஷம் வீட்டோடு கிடந்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். தற்காலிகம். கல்வியாண்டின் நடுவில் வகுப்பு பார்க்க வருவார்கள். பிடித்திருந்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் ஏப்ரலோடு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரருக்கு எங்கள் ஊர் முக்கூடலிலேயே ஓர் அரிசி ஆலையில் வேலை. ஆலை ஒரு நாள் ஓடும், மூன்று நாள் ஓடாது. மகள் கல்லூரியில் முதல் வருஷம். இந்தப் பள்ளிக்கு முன்னால் இரண்டு இடங்களில் போய் நின்றிருந்தேன். என் வயதைப் பார்த்துவிட்டு, "தகவல் சொல்லி அனுப்புதோம் டீச்சர்" என்றார்கள். இன்றைக்கு வரைக்கும் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். இது போனால் இன்னொரு வாசலில் போய் நிற்க எனக்குத் தெம்பு கிடையாது.

அந்தப் பள்ளியில் மாதக் கடைசியில் எல்லா ஆசிரியர்களும் ஒரு தாளை நிரப்பித் தர வேண்டும். தொழில்முறை மேம்பாட்டுக்காக இந்த மாதம் என்ன செய்தீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. என் பக்கத்து வகுப்பு டீச்சர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், இருபது வருஷமாக அங்கேயே வேலை பார்ப்பவர். மாதம் தவறாமல் 'கல்வி சம்பந்தமான நூல்கள் வாசித்தேன்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார். என்ன நூல் என்று அவரை ஒருத்தரும் கேட்டதில்லை. என்னைக் கேட்டார்கள். தலைமையாசிரியை என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "பஸ்ஸுல போக வர ரெண்டு மணி நேரம் சும்மாதான டீச்சர் இருக்கிய? பாட்காஸ்ட் கேளுங்க. வாத்தியார்மாருக்குன்னே எத்தனையோ வருது. அதையாவது எழுதலாம்லா?" என்றார். 'அதையாவது' என்ற சொல் அன்றைக்கு முழுக்க எனக்கு உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். அவள் என்னவோ ஒரு செயலியை இறக்கினாள். "எம்மா, சப்ஸ்கிரைப் அமுக்கணும்" என்றாள். காசு பிடிப்பானோ என்று கேட்டேன். "யம்மா தாயே, ஓசிதான், அமுக்கு" என்றாள். எனக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. ஒரே மூச்சில் பதினோரு தொடர்களை அமுக்கிவைத்தேன். மறுநாள் காலை உலை கொதிக்கும்போதே கைப்பேசி டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. ஒன்றில் இரண்டு பேர் பத்து நிமிஷம் தங்களுக்குள் சிரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்கள். ஒன்றில் பாதி நேரம் அவர்களுடைய பயிற்சி வகுப்பில் சேரச் சொல்லியே பேசினார்கள். இன்னொன்றில் வகுப்புக்குப் பதினெட்டுப் பிள்ளைகள், தரையில் ஜமுக்காளம். என் ஏழாம் வகுப்பில் நாற்பத்தாறு பேர். ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அது ஒரு பெண்மணி பேசுவது. முன்னாள் கணக்கு டீச்சராம். நிதானமான ஆங்கிலம், கால் மணி நேரத்துக்கு மேல் போகாது. முக்கூடலில் பஸ் ஏறியதும் ஒரு காதில் அவளை மாட்டிக்கொள்வேன். இன்னொரு காதில் டிரைவர் போடும் பாட்டு. புரியாத இடத்தில் நிறுத்தி, திரும்பக் கேட்டு, ஜங்ஷனில் இறங்குவதற்குள் ஒன்றை முடித்துவிடுவேன்.

ஒரு நாள் அவள், வகுப்பு மொத்தமும் சேர்ந்து பதில் சொல்ல விடவே கூடாது என்றாள். சேர்ந்து சொன்னால், தெரியாத பிள்ளை தெரிந்த பிள்ளையின் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளுமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்பத்தாறு பேரை வைத்து மேய்த்துப் பார், அப்புறம் பேசு என்று பஸ்ஸிலேயே முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்த பூக்கார அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

எங்கள் பக்கத்தில் பாடம் நடத்துவதே சேர்ந்து சொல்ல வைத்துத்தானே. டீச்சர் வாக்கியத்தில் முக்கால்வாசியைச் சொல்லிவிட்டு இழுப்பார். பிள்ளைகள் வாலைப் பிடித்து முடிப்பார்கள். "இதுக்குப் பேரு தகா பின்ன...?" என்றால், "னம்ம்ம்" என்று கூரை அதிரும். சத்தம் பெரிதாக இருந்தால் பாடம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அன்றைக்குச் சேர்ந்து சொல்ல வைத்துக்கொண்டே, நாலாவது வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் நின்று காதைக் கொடுத்தேன். களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறவர்கள் வீட்டுப் பிள்ளை. பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறவள். எல்லோரும் சொல்லும்போது அவளும் வாயைத் திறந்தாள். கடைசி எழுத்து மட்டும்தான் அவளிடமிருந்து வந்தது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. ஆறு மாதமாக இந்தக் கடைசி எழுத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் பாடம் நடந்துவிட்டதாக நினைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாளே சட்டம் போட்டேன். இனிமேல் யாரும் சேர்ந்து சொல்லக் கூடாது. ஐஸ் குச்சிகளில் நாற்பத்தாறு பேரின் பெயரையும் எழுதி ஒரு டப்பாவில் போட்டேன். கேள்வி கேட்பேன், எல்லோரும் யோசிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பேன், பிறகு ஒரு குச்சியை எடுப்பேன். பெயர் வந்தவர் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றும் சொல்லலாம், ஏச மாட்டேன். ஆனால் எந்த இடத்தில் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும்.

ஏச மாட்டேன் என்று நான் சொன்னதைப் பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. இரண்டு வாரம் குச்சியில் பெயர் வந்ததும் முகம் வெளிறிப்போய் எழுந்து நின்றார்கள். எனக்கு நாக்கு நுனிவரை வசவு வரும். கடித்துக்கொண்டு நிற்பேன். மூன்றாவது வாரம் அந்தக் களக்காட்டுப் பிள்ளையின் குச்சி வந்தது. எழுந்தாள். ரொம்ப நேரம் கரும்பலகையையே பார்த்தாள். "கீழ இருக்க நம்பரை எதுக்கு ஒண்ணுபோல ஆக்கணும்னு தெரியல டீச்சர். மேல உள்ளத மட்டும் பாத்தாப் போதாதா?" என்றாள். பின்னத்தில் பகுதியை எதற்குச் சமமாக்குகிறோம் என்கிற கேள்வி. வகுப்பில் பாதிப் பேருக்கு அது தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு தோசையை மூன்றாகவும் இன்னொன்றை ஐந்தாகவும் பிய்த்தால் துண்டு ஒரே அளவா என்று கேட்டு, அந்த ஒரு கேள்விக்கே முழுப் பாடவேளையும் செலவழித்தேன். வீட்டுக்குப் போகும்போது சந்தோஷத்தில் பஸ்ஸில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கிவிட்டேன்.

ஆனால் என் வகுப்பிலிருந்து சத்தம் வருவது நின்றுபோயிருந்தது. பக்கத்து வகுப்பில் அக்காவின் பிள்ளைகள் "ஆறேழு நாற்பத்தி... ரெண்டேய்" என்று சுவரை உலுக்குவார்கள். என் பக்கம் மௌனம். தலைமையாசிரியை வராந்தாவில் போகும்போது என் வாசலில் நடை தாமதிக்கும். முதல் தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் தடவை என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், பாடம் நடக்கா இல்லையா? சத்தத்தையே காணோம்."

நடக்கிறது என்றேன். பாட்காஸ்ட்டில் கேட்டதைச் சொன்னேன், குச்சி டப்பாவைச் சொன்னேன். அவர் நல்ல மனுஷிதான், பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கேக்கச் சொன்னது நான்தான். ஆனா கேக்கதையெல்லாம் செய்யவா சொன்னேன்?" என்றார். "பொங்கல் லீவு முடிஞ்சு தாளாளர் வகுப்பு பாக்க வாராவ. கூட ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரும் வாராரு. அவிய முன்னால பிள்ளைய இப்படிப் பேந்தப் பேந்த முழிச்சா நான் என்னத்தச் சொல்லி ஒங்கள நிரந்தரம் ஆக்கது? ஜெபம் பண்ணிக்கிடுங்க. அதோட கொஞ்சம் சத்தத்தையும் கூட்டுங்க."

பொங்கல் எப்படிப் போனது என்றே தெரியாது. கரும்பைக் கடித்தால் ருசி இல்லை. வீட்டுக்காரர், "நீ வழக்கம்போல நடத்திட்டுப் போயேன், எதுக்கு வம்பு?" என்றார். எது வழக்கம் என்று அவர்மீது பாய்ந்தேன். பாவம், எழுந்து ஆலைக்குப் போய்விட்டார். ஆலை அன்றைக்கு ஓடவில்லை.

பள்ளி திறந்தது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டு வேளையில் அக்கா என் டப்பாவில் கூட்டு வைத்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு என்ன செய்யப் போற?"

"தெரியலக்கா. நெஞ்சு படபடங்குது."

"நீ கோட்டிக்காரியா? இதுக்கு ஒரு வழி இருக்கு, எல்லாரும் செய்யதுதான். பதில் தெரிஞ்ச பிள்ளைய வலது கையத் தூக்கணும். தெரியாத பிள்ளைய இடது கையத் தூக்கணும். வந்தவாளுக்கு வகுப்பு மொத்தமும் கை தூக்குன மாதிரி இருக்கும். நீ வலது கையாப் பாத்து எழுப்பு. எங்க காலத்துல இன்ஸ்பெக்ஷன்னா இதான். யாரும் செத்துப்போகல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் நல்லதுக்குத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நான் அப்போதே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடைசிப் பாடவேளையில் வகுப்புக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நாளைக்கு மட்டும் இப்படி என்று பிள்ளைகளிடம் சொன்னேன். நாளைக்கு மட்டும் என்பதை மூன்று தடவை சொன்னேன். பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரி இருந்தது, நாலைந்து தடவை தூக்கிப் பழகினார்கள். அந்தக் களக்காட்டுப் பிள்ளை மட்டும் எழுந்து, "இடது கையத் தூக்குனா ஏச மாட்டியள்லா டீச்சர்?" என்று கேட்டாள். ஏச மாட்டேன் என்றேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் காதில் எதையும் மாட்டவில்லை. பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. கீழே ஆறு நிறையத் தண்ணீர் போனது. பார்த்துக்கொண்டே, சாமி, நிரந்தரம் ஆகிவிட்டால் திருச்செந்தூருக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

இரண்டாவது பாடவேளையில் வந்தார்கள். தாளாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. நான் பின்னங்களை ஒப்பிடுவதைக் கொஞ்ச நேரம் நடத்தினேன். கரும்பலகையில் எழுதும்போது சுண்ணக்கட்டி இரண்டு தடவை ஒடிந்தது. அவர், "போதும் டீச்சர், நான் ஒரு கேள்வி கேக்கேன்" என்றார்.

"மூணுல ரெண்டு பங்கு, அஞ்சுல நாலு பங்கு. எது பெருசு?"

நாற்பத்தாறு கையும் மேலே போயின. தாளாளரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நான் வலது கையாகத் தேடி முன் வரிசைப் பையன் ஒருவனை எழுப்பினேன். அஞ்சில் நாலு என்றான். எப்படி என்றார். பகுதியைப் பதினைந்து ஆக்கினால் பத்தும் பன்னிரண்டும் வரும் சார் என்றான். நல்லது என்றார். இன்னொரு கேள்வி கேட்டார். மறுபடியும் நாற்பத்தாறு கை. இன்னொரு வலது கையை எழுப்பினேன். அவளும் சரியாகச் சொன்னாள். என் முதுகில் வேர்வை இறங்குவது நின்றது.

மூன்றாவது கேள்வி கேட்டதும், "இந்த மட்டம் நானே எழுப்புதேன்" என்றார். நடந்து நாலாவது வரிசைக்குப் போனார். அந்தக் களக்காட்டுப் பிள்ளையின் முன்னால் நின்றார். அவள் இடது கை மேலே இருந்தது.

எழுந்தாள். "தெரியல சார்" என்றாள். தெளிவாக, பயம் இல்லாமல், நான் பழக்கியிருந்தபடியே சொன்னாள். "ரெண்டுலயும் கீழ உள்ளது பெரிய நம்பரா இருக்கு, அத ஒண்ணுபோல ஆக்கத் தெரியல."

"தெரியாம எதுக்கும்மா கையத் தூக்குன?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "நான் இடது கைதான் சார் தூக்குனேன்" என்றாள்.

பின்னால் இருந்து தாளாளர், "அப்படின்னா என்ன?" என்றார். நாற்பத்தைந்து பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த ஒரு மூச்சில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது ஓடாத ஆலையும், மகளின் கல்லூரியும், தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்ற முகங்களும்தான்.

"என்னட்டி உளறுத?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நேத்து பூரா இதத்தான நடத்துனேன்? வகுப்புல இருக்கும்போது புத்தி எங்க மேயுது ஒனக்கு? இடது கையாம், வலது கையாம்! மூஞ்சியப் பாரு. பெல் அடிக்க வரைக்கும் அங்கனயே நில்லு."

அவள் நின்றாள். அழவில்லை. கைகளைப் பாவாடையோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். ஓய்வுபெற்றவர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்? கரும்பலகைப் பக்கம் திரும்பி வந்து, "சரி பிள்ளைகளா, கடைசியா ஒண்ணு கேக்கேன்" என்றார். எட்டில் மூன்று பெரிதா, ஐந்தில் இரண்டு பெரிதா என்றார்.

கைகள் ஏறின. நான் எதிர்பார்க்கவில்லை. நாற்பத்தாறும் வலது கை. ஒரு இடது கைகூட இல்லை. அதில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது என்பது எனக்குத் தெரியும். நின்றுகொண்டிருந்தவளும் வலது கையைத் தூக்கியிருந்தாள். என்னைக் காப்பாற்றத்தான் தூக்கினார்கள். யாரையாவது எழுப்பினால் நான் செத்தேன் என்று நினைத்தேன்.

அவர் யாரையும் எழுப்பவில்லை. கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இறக்குங்க" என்றார். வெளியே போகும்போது தாளாளரிடம், "டீச்சர் நல்ல கண்டிப்பு" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் கைப்பேசி டிங் என்றது. அந்தப் பெண்மணியின் புதுப் பாகம் வந்திருந்தது. திறக்கவில்லை. திறந்தால் அவள் என்னைப் பார்த்துவிடுவாள் என்பதுபோல ஒரு கூச்சம். வீட்டில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் சொன்னேன். மகள் சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள்.

பத்து நாளில் தலைமையாசிரியை கூப்பிட்டு உத்தரவைக் கையில் கொடுத்தார். "ஸ்தோத்திரம் டீச்சர், இனிமே நீங்க நம்ம ஆளு" என்றார். அக்கா எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். நான் ஒரு துண்டை வாயில் போட்டேன். மீதியைத் தாளில் மடித்து மகளுக்கென்று பைக்குள் வைத்தேன்.

மறுநாள் குச்சி டப்பாவை வெளியே எடுத்தேன். அவர்கள் வந்துபோன நாளிலிருந்து அதைத் தொடவில்லை. முதல் குச்சி வேறு யாரோ, இரண்டாவது அவள். கேள்வி கேட்டுவிட்டு நான் எப்போதும்போல வாயை மூடிக்கொண்டு நின்றேன். எழுந்தாள்.

"தெரியும் டீச்சர்" என்றாள்.

"சொல்லு."

சொல்லவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எந்த இடத்தில் தெரியவில்லை என்று கேட்டேன். "எல்லாம் தெரியும் டீச்சர்" என்று மறுபடியும் சொன்னாள். வகுப்பில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சரி, உட்கார் என்றேன். அதற்குப் பிறகு எடுத்த ஒன்பது குச்சிகளுக்கும் ஒன்பது பேரும் தெரியும் என்றுதான் சொன்னார்கள். மூன்று வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டு நான் கட்டியதை ஒரே ஏச்சில் நானே இடித்துப்போட்டிருந்தேன்.

மத்தியானம் குழாயடியில் அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு டீச்சர் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது, எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"அன்னைக்கு ஒன்னய ஏசுனது தப்புளா" என்றேன். "நீ சொன்னதுதான் சரி. நான்தான் பயத்துல அப்படிப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாத."

அவள் தட்டைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். பெரிய மனுஷி மாதிரி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். தோட்டத்து மொதலாளி வந்து நின்னா எங்கம்மாவும் என்னைய அப்படித்தான் ஏசுவா. அவிய அங்கிட்டுப் போனதும் கூப்பிட்டு வச்சு சோறு போடுவா. நீங்க வெசனப்படாதிய."